லினக்ஸா, லைனக்ஸா? கணினிப் பெயர்கள் தமிழ் வாய்க்குள் வந்த கதை

திருப்பூரில் பனியன் கம்பெனி கேட்டுகளில் தொங்கும் போர்டுகளைப் படித்துப் பாருங்கள். "ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டைலர்கள் தேவை" என்று இருக்கும். ஓவர்லாக் சரி, அது என்ன பேட்லாக்? ஆங்கிலத்தில் ஃப்ளாட்லாக். தட்டையாகத் தையல் விழும் மெஷின். ஊருக்குள் வந்ததும் நாக்குக்கு இடைஞ்சலாக இருந்த எழுத்து உதிர்ந்துபோய் பேட்லாக் ஆகிவிட்டது. சிங்கர் கதை அதைவிட வேடிக்கை. அது ஒரு கம்பெனியின் பெயர். ஆனால் ஒற்றை ஊசி மெஷினை ஜப்பான்காரன் செய்தாலும் சீனாக்காரன் செய்தாலும் இங்கே அது சிங்கர்தான். பட்டன் துளைக்குச் சொல்லும் காஜா, போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல். அவர்கள் மொழியில் பட்டன் துளைக்கு காஸா, அதாவது வீடு என்று பெயர்.

அனுப்பர்பாளையம் பக்கம் வந்தால் பாத்திரப் பட்டறைகள். பித்தளை, செம்பு, எவர்சில்வர். இந்த எவர்சில்வர் என்ற ஆங்கிலச் சொல்லை லண்டனில் போய்ச் சொன்னால் யாருக்கும் புரியாது. அங்கே அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இப்படி ஆங்கிலேயனுக்கே தெரியாத ஆங்கிலத்தைக் கூச்சமே இல்லாமல் புழங்கும் ஊர் இது.

ஆனால் இதே ஊர்ப் பையன் கம்ப்யூட்டர் லேபுக்குள் நுழைந்ததும் கதை மாறிவிடுகிறது. லைனக்ஸ் என்று சொன்னவனைப் பார்த்து லினக்ஸ் என்பவன் சிரிப்பான். எஸ்.க்யூ.எல். என்று எழுத்தெழுத்தாகச் சொன்னவனை சீக்வல் என்பவன் திருத்துவான். புத்தகத்தில் கண்ணால் மட்டும் படித்து, யாரும் சொல்லிக் காதால் கேட்காத மாணவன் வைவாவில் வாயைத் திறக்கவே யோசிப்பான். விடை தெரியும், பெயரை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியாது. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு இந்த அவஸ்தை நன்றாகப் புரியும். வேலைக்கான இன்டர்வியூவிலும் இதே பயம்தான்.

அப்படிச் சிரிக்கும் அளவுக்கு இந்தப் பெயர்களுக்கு "சரியான" உச்சரிப்பு என்று ஒன்று இருக்கிறதா? இந்தப் பெயர்கள் பிறந்த கதையைப் பார்த்தால் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

முதலில் எஸ்.க்யூ.எல். கதை. 1970களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். கம்பெனியின் சான் ஹோசே ஆய்வகத்தில் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இருவர் தரவுத்தளத்தில் கேள்வி கேட்க ஒரு மொழியை உருவாக்கினார்கள். 1974இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் அதன் பெயர் சீக்வல். எழுத்துகளைச் சுருக்கி ஒரு முழுச் சொல்லாகவே வைத்த பெயர் அது. அந்த வருடமே பாய்ஸ் சின்ன வயதில் இறந்துபோனார். பிறகு பார்த்தால் சீக்வல் என்ற பெயரை இங்கிலாந்தில் ஹாக்கர் சிட்லி என்ற விமானத் தொழில் குழுமம் ஏற்கனவே டிரேட்மார்க்காகப் பதிந்து வைத்திருந்தது. வேறு வழியில்லாமல் உயிரெழுத்துகளைப் பிடுங்கிவிட்டு எஸ், க்யூ, எல் என்ற மூன்று எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எழுத்துதான் மாறியதே தவிர, வாய் பழைய பெயரை விடவில்லை. 1986இல் அமெரிக்கத் தர நிறுவனம் இதைத் தரப்படுத்தியபோது எழுத்தெழுத்தாகச் சொல்வதையே முறையாகக் கொண்டது. ஆக, சீக்வல் என்பவன் 1974இன் பக்கம் நிற்கிறான். எஸ்.க்யூ.எல். என்பவன் 1986இன் பக்கம் நிற்கிறான். இதில் யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

(தமிழில் எழுதும்போது மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. "சீக்குவல்" என்று எழுதினால் பாதிப் பேருக்கு சீக்கு வந்த ஏதோ ஒன்று என்றுதான் படும்.)

இதன் பின்னால் வந்த மை-எஸ்.க்யூ.எல். இன்னும் குழப்பம். 1995இல் வெளிவந்தது. அதில் வரும் "மை" என்பதை எல்லோரும் ஆங்கிலத்தில் "என்னுடைய" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடெனியஸின் மகளுடைய பெயர். அவர் ஃபின்லாந்தில் ஸ்வீடிஷ் பேசுபவர். அந்த மொழியில் அந்தப் பெயரை "மீ" என்று சொல்லும்போது உதட்டைக் குவித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒலிக்குத் தமிழிலும் எழுத்து இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. பின்பு 2009இல் அவர் தொடங்கிய அடுத்த தரவுத்தளத்துக்கு இளைய மகள் மரியாவின் பெயரை வைத்தார். மரியா-டி.பி. அதைச் சொல்வதில் யாருக்கும் பிரச்சினை இல்லை :-)

லினக்ஸ் விஷயத்துக்கு வருவோம். லினஸ் டோர்வால்ட்ஸும் ஃபின்லாந்தில் ஸ்வீடிஷ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர்தான். 1991இல் தன்னுடைய கருவுக்கு அவர் வைக்க நினைத்த பெயர் ஃப்ரீக்ஸ். அதை ஒரு சர்வரில் ஏற்றிக்கொடுத்த அரி லெம்கே என்ற நண்பருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அவரே லினக்ஸ் என்று டைரக்டரிக்குப் பெயர் வைத்துவிட்டார். அப்பா வைத்த பெயர் நிற்காமல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் எழுதிக்கொண்ட பெயர் நின்றுவிட்ட கதை மாதிரி.

அந்தப் பெயரை எப்படிச் சொல்வது என்று உலகம் முழுக்கச் சண்டை வந்ததும் டோர்வால்ட்ஸ் ஒரு ஒலிக்கோப்பைப் பதிவு செய்து வெளியிட்டார். ஆங்கிலத்தில் ஒன்று, ஸ்வீடிஷில் ஒன்று. தான் அந்தப் பெயரை இப்படித்தான் சொல்வேன் என்று சொல்லிக்காட்டுவார், அவ்வளவுதான். மற்றவர்களும் அப்படியே சொல்ல வேண்டும் என்று அதில் கட்டளை ஏதும் இல்லை. கேட்டால் "லினுக்ஸ்" என்பதற்குப் பக்கத்தில் வரும். அவருடைய பெயரை ஆங்கிலத்தில் லைனஸ் என்பார்கள், அதனால் லைனக்ஸ் என்பவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஸ்வீடிஷில் அது லீனுஸ். தமிழ்நாட்டில் லினக்ஸ், லைனக்ஸ், லினிக்ஸ் என்று மூன்றும் புழக்கத்தில் உண்டு. மூன்றில் எதுவுமே டோர்வால்ட்ஸ் சொல்வது மாதிரி இல்லை என்பதுதான் வேடிக்கை.

லினக்ஸோடு ஒட்டிக்கொண்டு வரும் ஜி, என், யூ என்ற மூன்றெழுத்தைத் தமிழில் குனு என்று எழுதுகிறார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த திட்டம். ஆங்கிலத்தில் இதே எழுத்துகளைக் கொண்ட ஒரு ஆப்பிரிக்க மான் உண்டு. அதைச் சொல்லும்போது முதல் எழுத்தை விழுங்கிவிட்டு "நூ" என்பார்கள். ஆனால் இந்தத் திட்டத்தின் பெயரில் முதல் எழுத்தையும் உச்சரிக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. "க்னூ" என்று ஒரே மூச்சில் வர வேண்டும். தமிழில் க்-கும் ன-வும் சொல்லின் தொடக்கத்தில் ஒட்டி நிற்காது. நடுவில் ஒரு உகரம் தானாக வந்து உட்கார்ந்து குனு ஆகிவிட்டது. முதல் எழுத்தை விழுங்கிவிடும் ஆங்கிலேயனைவிட குனு என்னும் தமிழன் கிட்டே வந்துவிட்டான் என்றுகூடச் சொல்லலாம்.

இங்கேதான் தமிழின் சிக்கலும் சுவாரஸ்யமும் ஆரம்பிக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம். எழுத்தைப் போட்டுவிட்டு உச்சரிப்பை வாசகன் தலையில் கட்டிவிடலாம். ஒரு ஆங்கிலக் கட்டுரையாளன் முப்பது வருடம் லினக்ஸைப் பற்றி எழுதிவிட்டு, தான் அதை எப்படிச் சொல்வான் என்பதை ஒருமுறைகூடக் காட்டிக்கொள்ளாமல் போகலாம். தமிழில் அது நடக்காது. லி-யா லை-யா என்று எழுதும்போதே முடிவு செய்தாக வேண்டும். அதனால் தமிழில் அச்சான ஒவ்வொரு கணினிக் கட்டுரையும், எழுதியவர் வாயில் அந்தப் பெயர் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு பதிவு. 'கம்ப்யூட்டர் மலர்' மாதிரியான இணைப்பிதழ்களின் பழைய பிரதிகளை எடுத்துவைத்துக்கொண்டால் உச்சரிப்பின் வரலாற்றையே எழுதிவிடலாம்.

ஆனால் தமிழ் எழுத்து முழுக்கக் காட்டிக்கொடுத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. அதற்கு ஒரு ஒளிவுமறைவு உண்டு. க என்று எழுதினால் அது வரும் இடத்தைப் பொறுத்து மூன்று விதமாக ஒலிக்கும். வல்லினம் சொல்லின் நடுவில் ஒற்றையாக வந்தால் மெலிந்துவிடும், இரட்டித்தால்தான் அழுத்தமாக வரும். இதற்கு நம் ஊர்ப் பெயரே சாட்சி. திருப்பூர். நடுவில் ப்-பைப் போட்டால்தான் அந்த அழுத்தம். ஆங்கிலத்தில் வெகுகாலம் ஒற்றைப் பகரத்தோடுதான் எழுதினார்கள். 1990இல் தொடங்கிய ஏற்றுமதியாளர் சங்கத்தின் ஆங்கிலப் பெயரில் இன்னும் ஒரு பகரம்தான். 2009இல் மாவட்டமாக ஆனபோது அரசு இரண்டு போட்டது. ஒற்றைப் பகரத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் "திருபூர்" என்று ஏதோ வடநாட்டு ஊர் மாதிரி ஆகிவிடும்.

பைத்தானுக்கும் இதே வைத்தியம்தான். 1991இல் கீடோ வான் ராஸம் வெளியிட்ட மொழி. பெயர் வந்தது பாம்பிலிருந்து அல்ல, பி.பி.சி.யின் மான்ட்டி பைத்தான் என்ற காமெடித் தொடரிலிருந்து. ஆங்கிலத்தில் பல்லுக்கு நடுவில் நாக்கை வைத்து ஊதும் அந்த ஒலி தமிழில் கிடையாது. பைதான் என்று எழுதினால் நடுவில் உள்ள த மெலிந்துவிடும். அதனால் ஒரு ஒற்றைச் செருகி பைத்தான் என்று எழுதினார்கள். அதுவும் மூல ஒலி இல்லை. ஆனால் வேறு எப்படியும் எழுதுவதற்கு இது தேவலை.

உபுண்டுவில் இந்த வைத்தியமும் பலிக்கவில்லை. 2004இல் வந்த அந்த லினக்ஸ் பதிப்புக்குத் தென்னாப்பிரிக்க மொழிச் சொல்லைப் பெயராக வைத்தார்கள். அவர்கள் மொழியில் கடைசி எழுத்து வல்லெழுத்தாக ஒலிக்கும். தமிழிலோ ண்-ணுக்குப் பின்னால் வரும் ட எப்போதும் மெலிந்துதான் வரும். வண்டு, நண்டு, உபுண்டு. கேட்பதற்கு நம் ஊர்ச் சொல் மாதிரியே ஆகிவிட்டது. சி மொழியில் எழுத்தைக் குறிக்கும் கட்டளையைப் பலர் "சார்" என்பார்கள், சிலர் "கேர்" என்பார்கள். சார் என்று சொன்னால் வகுப்பில் வாத்தியார் திரும்பிப் பார்ப்பார். காமர்ஸ்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. அடிக்கடி தேவைப்படும் தரவைப் பக்கத்திலேயே ஒளித்துவைத்திருக்கும் நினைவகமும் கேஷ், கல்லாவில் இருக்கும் பணமும் கேஷ். ஆங்கிலத்தில் காது ஏமாந்தாலும் ஸ்பெல்லிங் காப்பாற்றிவிடும். தமிழில் இரண்டும் போச்சு.

வெளியூர்ச் சொல்லை எப்படி உள்ளே எடுப்பது என்ற கேள்வி தமிழுக்குக் கம்ப்யூட்டரால் வந்தது இல்லை. தொல்காப்பியத்தின் எச்சவியலிலேயே வடசொல் வந்தால் வட எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தில் எழுது என்று விதி இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தி முனிவர் அதை விரித்து, எந்த எழுத்து எதுவாக மாறும் என்று வரிசையாகவே சொல்லியிருக்கிறார். (பெருந்துறை பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று அவரைக் கொங்கு நாட்டில் சொந்தம் கொண்டாடுவார்கள்.) ரகரத்திலும் லகரத்திலும் தமிழ்ச் சொல் தொடங்காது, முன்னால் ஒரு உயிரெழுத்தைச் சேர்த்துக்கொள் என்பது அதில் ஒன்று. ராமன் இராமன் ஆனான், லாபம் இலாபம் ஆனது. அந்தக் கணக்கில் லினக்ஸ் இலினக்சு ஆக வேண்டும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஸ், ஜ் போன்ற கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று நடந்த விவாதங்களைப் படித்தால் பவணந்தியார் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்று தோன்றும்.

ஜாவாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட மொழி. முதலில் ஓக் என்று பெயர் வைத்து, அது வேறொருவரிடம் இருந்ததால், காபியின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். காபிக்கு அந்தப் பெயர் வந்தது இந்தோனேசியத் தீவிலிருந்து. அந்தத் தீவு தமிழுக்குப் புதிதா என்ன? மணிமேகலையிலேயே சாவகம் என்று வருகிறது. ஒரு புரோகிராமிங் மொழியின் பெயருக்கு, அந்த மொழி பிறப்பதற்கு ஆயிரம் வருடத்துக்கும் முன்னாலேயே தமிழ் வடிவம் தயாராக இருந்திருக்கிறது. இப்போது யாராவது "சாவகத்தில் நிரல் எழுதுகிறேன்" என்றால் சிரிப்பார்கள். அது வேறு விஷயம்.

ஈழத்துக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் இன்னொரு உலகம் தெரியும். நாம் கம்ப்யூட்டர் என்றால் அவர்கள் கொம்பியூட்டர். நமக்கு மைக்ரோசாஃப்ட், அவர்களுக்கு மைக்ரோசொப்ட். நாம் டொரண்டோ என்று எழுதும் கனடா நகரம் அவர்களுக்கு ரொறன்ரோ. முதல் தடவை பார்க்கும் தமிழ்நாட்டுக்காரர் இது என்ன தப்புத் தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று நினைப்பார். உண்மையில் அவர்களுடைய முறையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. டகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்ற பழைய விதியை அவர்கள் விடவில்லை. ன்-னுக்குப் பின்னால் ர போட்டால் ஆங்கில ஒலிக்குக் கிட்டே வரும் என்று ஒரு வழக்கத்தையும் வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் உதட்டைக் குவித்துச் சொல்லும் ஒலியை நாம் ஆகாரமாகவோ அகரமாகவோ எழுதுகிறோம், அவர்கள் ஒகரமாக எழுதுகிறார்கள். பிரிட்டிஷ்காரன் வாயைப் பார்த்தால் அவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம்.

இனி, திருப்பூருக்கு ரொம்பவும் வேண்டப்பட்ட ஒரு பெயர். டேலி. நிட்டிங், டையிங், பிரிண்டிங், ஜாப்வொர்க் என்று எந்த ஆபீசுக்குள் போனாலும் அக்கவுண்டன்ட் கம்ப்யூட்டரில் இருப்பது அதுதான். பி.காம். படிக்கும் மாணவர்களுக்கு முதலில் தெரிந்த சாஃப்ட்வேரும் பெரும்பாலும் அதுதான். இது பிறந்த கதையே ஜவுளியோடு சம்பந்தப்பட்டது. ஷியாம் சுந்தர் கோயங்கா என்பவர் ஆலைகளுக்கும் டெக்ஸ்டைல் மில்களுக்கும் மூலப்பொருள், மெஷின் பாகங்கள் சப்ளை செய்துவந்தார். தன் வியாபாரக் கணக்கை எழுத உருப்படியான சாஃப்ட்வேர் கிடைக்காததால், கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். 1986இல் பெங்களூரில் கம்பெனி தொடங்கியபோது அதன் பெயர் பியூட்ரானிக்ஸ். அந்தப் பெயரே நின்றிருந்தால் வேலைக்கு ஆள் தேவை விளம்பரங்களில் என்னென்ன அவதாரம் எடுத்திருக்குமோ! நல்ல வேளையாக சாஃப்ட்வேரின் பெயர் டேலி ஆனது. 1999இல் கம்பெனியும் டேலி சொல்யூஷன்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. பரத் கோயங்காவுக்கு 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். (கோயங்கா என்ற பெயரையும் கவனிக்கலாம். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் கோயென்கா என்றுதான் வரும். தினமணி அதிபராக ராம்நாத் கோயங்கா இருந்த புண்ணியத்தில் தமிழர்களுக்கு இது முன்பே சரியாகத் தெரிந்துவிட்டது.)

டேலி என்ற சொல் இங்கே சாஃப்ட்வேருக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. பேரேட்டைப் புரட்டிக் கணக்குப் பார்த்த காலத்திலேயே "ரெண்டு ரூபா டேலி ஆகலை" என்று ராத்திரி எல்லாம் தேடியவர்கள் உண்டு. அதற்கும் முன்னால் போனால் லத்தீன் மொழியில் குச்சி என்று பொருள்படும் சொல்லில் முடியும். இங்கிலாந்தில் அரசாங்கமே குச்சியில் வெட்டுப்போட்டுத்தான் வரவு வைத்தது. குச்சியை இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதி. இரண்டு பாதியும் பொருந்தினால் கணக்கு சரி. அந்த வழக்கம் ஒழிந்த பிறகு மிஞ்சிய பழைய குச்சிகளை 1834இல் பாராளுமன்றக் கட்டடத்தின் அடுப்பில் போட்டு எரிக்கப்போய், கட்டடமே எரிந்துபோனது.

உச்சரிப்பு? ஆங்கிலத்தில் அந்த முதல் உயிர் ஏகாரமும் இல்லை, ஆகாரமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒலி. தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் பேங்க், பாங்கு என்று இரண்டு விதமாக எழுதிவருகிறோம். டேலியில் மட்டும் ஏகாரம் ஜெயித்துவிட்டது. டாலி என்றால் பொம்மை ஆகிவிடுமே. திருப்பூரில் இந்த டேலியைப் பற்றி யாரும் யாரையும் திருத்துவதில்லை. பேட்லாக் மாதிரி, தினமும் வேலை செய்து சோறு போடும் பெயர் என்பதால் இருக்கலாம். கையில் வேலை ஓடும் இடத்தில் பெயருக்குக் கூச்சம் வருவதில்லை. பரீட்சைக்காக மட்டும் படிக்கும் இடத்தில்தான் அது வருகிறது.

கம்ப்யூட்டரில் தமிழைக் கொண்டுவந்தவர்களே இந்தப் பெயர்ச் சிக்கலில் மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. 1963இல் அமெரிக்காவில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரம் ஒன்று வந்தது. ஆஸ்கி. அதைப் பார்த்து இந்திய மொழிகளுக்காக இந்தியத் தர நிறுவனம் 1991இல் இஸ்கியைத் தரமாக்கியது. இஸ்கி தமிழின் தேவைக்குச் சரிவரவில்லை என்று கருதிய, பல நாடுகளில் இருந்த தமிழ் ஆர்வலர்கள் 1990களின் கடைசியில் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து ஒரு குறியாக்கத்தை உருவாக்கினார்கள். ஆஸ்கியின் பெயரில் முதல் எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டி எழுத்தைப் போட்ட பெயர். அந்த டி, தமிழ் என்பதன் முதல் எழுத்து. இதை எப்படிச் சொல்வது? ஆங்கில எழுத்தின் ஒலியை எடுத்தால் டிஸ்கி. அது குறிக்கும் தமிழ் என்ற சொல்லின் ஒலியை எடுத்தால் திஸ்கி. இரண்டும் எழுதப்பட்டன, திஸ்கிதான் அதிகம் நிலைத்தது. மதுரைத் திட்டம் தன் இலக்கிய மின்னூல்களைத் திஸ்கியில்தான் வெளியிட்டது. யூனிகோடு பிறகு சேர்ந்தது.

இதற்குள் வேறொரு டிஸ்கி வந்துவிட்டது. தமிழ் வலைப்பதிவர்கள் பதிவின் கடைசியில் போடும் "பொறுப்புத் துறப்பு", அதாவது டிஸ்கிளைமர், சுருங்கி டிஸ்கி ஆனது. எழுத்துரு பற்றிய ஒரு பதிவில் நடுவில் திஸ்கி, முடிவில் டிஸ்கி. புதிதாகப் படிக்க வந்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள்.

தமிழக அரசு சும்மா இருக்கவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாப், டாம் என்று இரண்டு குறியாக்கங்களையும், தமிழ் 99 என்ற விசைப்பலகையையும் அறிவித்தது. டாம் என்பதை டேம் என்றும் படிக்கலாம், டேலிக்கு வந்த அதே பிரச்சினை. தமிழ் 99ஐத் தொண்ணூற்றொன்பது என்பதா, நைன்ட்டி நைன் என்பதா என்பதற்கு இன்றுவரை தீர்ப்பு இல்லை. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது யூனிகோடையும் அதற்குத் துணையாக டேஸ் என்ற 16 பிட் குறியாக்கத்தையும் அரசு ஏற்றது. பழைய குறியாக்கங்களோடு அந்தப் பெயர்களும் மெல்ல மறைந்துவிட்டன. திஸ்கி என்றால் இன்றைய மாணவர்கள் ஏதோ ஒரு மிட்டாய் என்றுதான் நினைப்பார்கள்.

தட்டச்சு மென்பொருள்களுக்குப் பெயர் வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கியது முரசு, அதன் தட்டச்சு முறை அஞ்சல். 2000களின் தொடக்கத்தில் வந்தது இ-கலப்பை. கைப்பேசிக்கு 2005இல் செல்லினம். செல்ஃபோனும் வல்லினம் மெல்லினமும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. எந்தப் பெயரையும் எப்படிச் சொல்வது என்று ஒரு தமிழனும் கேட்டதில்லை. ஆனால் அஞ்சல் முறையில் தட்டும்போது கை ஒரு விநோதமான ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டது. ந வேண்டுமென்றால் டபிள்யூவை அழுத்த வேண்டும், ழ வேண்டுமென்றால் ஆங்கிலத்தின் கடைசி எழுத்தை. இது பழகியவர்கள் தமிழ் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போதுகூட அந்தக் கடைசி எழுத்தைப் போட்டு எழுத, பார்க்கிறவர்கள் "தமிஸ்" என்று படித்தார்கள்.

இவ்வளவு முயற்சி நடந்தும், தமிழில் வரும் கணினிப் பாடப் புத்தகங்கள் ஒரு காரியம் செய்கின்றன. வாக்கியம் முழுக்கத் தமிழில் இருக்கும். கருவியின் பெயர் வரும் இடத்தில் மட்டும் ஆங்கில எழுத்துக்குத் தாவிவிடும். தேடுவதற்கு வசதி, ஸ்பெல்லிங் பிழை வராது என்று காரணம் சொல்லலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தப் புத்தகத்தை நம்பிப் படிக்கும் மாணவனுக்கு எல்லாம் தமிழில் கிடைத்து, எந்த ஒன்று தெரியாமல் வைவாவில் வாயடைத்து நின்றானோ அது மட்டும் கிடைக்காமல் போகிறது. ஒரு தடவை, முதலில் வரும் இடத்தில் மட்டுமாவது, தமிழ் எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

இனி எதிர்த்திசைக் கதை. முத்தையா அண்ணாமலை தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத ஒரு மொழியை உருவாக்கி 2009இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். பெயர் எழில். அச்சிட "பதிப்பி", நிபந்தனைக்கு "ஆனால்", "இல்லை", முடிக்க "முடி". தமிழ்க் குழந்தைக்கு இதில் உச்சரிப்புப் பிரச்சினையே இல்லை. ஆனால் எழிலை ஆங்கிலத்தில் எழுதும்போது ழ-வுக்கு இரண்டு எழுத்தைச் சேர்த்து ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது. கோழிக்கோட்டை வடநாட்டார் படும் பாட்டைப் பார்த்தால் எழில் அமெரிக்காவில் என்ன பாடு படும் என்று ஊகித்துக்கொள்ளலாம். 2000களின் முற்பாதியில் லினக்ஸ் மேசைத்தளத்தைத் தமிழாக்க முனைந்த ஒரு திட்டம் ஒரு படி மேலே போய் "ழ கணினி" என்றே பெயர் வைத்துக்கொண்டது. உலகத்தில் பலருக்கும் சொல்ல வராத ஒலியையே பெயரின் முதல் எழுத்தாக வைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

கடைசியாக அரட்டை. ஸ்ரீதர் வேம்புவின் கம்பெனி 2021இல் வெளியிட்ட இந்தச் செயலி 2025 செப்டம்பரில் திடீரென்று இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. உடனே வடக்கிலிருந்து புகார் கிளம்பியது. பெயர் வாயில் நுழையவில்லை, மாற்றுங்கள் என்று. ஆங்கிலத்தில் இரண்டு டி போட்டு எழுதியதைப் பார்த்து அரத்தை என்பதா, அராட்டாய் என்பதா என்று அவர்களுக்குக் குழப்பம். லினக்ஸா லைனக்ஸா என்று தமிழன் பட்ட அவஸ்தையை முதன்முதலாக ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு வடநாட்டார் பட்டார்கள். அதே கம்பெனி 2023இல் விட்ட இணைய உலாவிக்கு உலா என்று பெயர். அதில் யாரும் தடுக்கி விழுந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கம்பெனி 1996இல் தொடங்கியபோது அட்வென்ட்நெட். 2009இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. ஊழியர்களைத் தென்காசிப் பக்கம் வரைக்கும் கொண்டுபோன, சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் தமிழ்நாட்டுக் கம்பெனி. ஆனால் அதன் பெயர் தொடங்கும் ஆங்கில எழுத்தின் ஒலிக்குத் தமிழில் எழுத்து கிடையாது. அதனால் ஒரு பத்திரிகை ஜோஹோ என்று எழுதுகிறது, இன்னொன்று ஸோஹோ என்கிறது, வேறொன்றில் சோஹோ என்று வருகிறது. கிரந்தமே கூடாது என்பவர்கள் சோகோ என்கிறார்கள்.